பின்கண்ணாடியில் ஒரு பொட்டு

“அண்ணே... அசையாதீங்க! அப்படியே நில்லுங்க!”

ஒரு பெண் இப்படி அலறினால் யார்தான் நிற்க மாட்டார்கள்? யுகேந்திரன் நின்றான். ஒரு கால் நடைபாதையில், ஒரு கால் சாலையில், கையில் ஷரபுதீன் கடையில் வாங்கிய தே ஐஸ், அதாவது ஐஸ் தேநீர்ப் பொட்டலம். பாம்போ என்று முதலில் காலடியைப் பார்த்தான். ஈப்போ லிட்டில் இந்தியாவில், சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாம்பு எங்கிருந்து வரும்? அப்புறம்தான் குரல் வந்த பக்கம் திரும்பினான்.

ஒரு பழைய வெள்ளை மைவி கார். முன்னாலும் பின்னாலும் பளபளவென்று புது பி ஸ்டிக்கர்... லைசென்ஸ் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தது. டிரைவர் ஜன்னலில் ஒரு முகம். கலைந்த பின்னல், வேர்த்த நெற்றி, அதில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு. அதற்குக் கீழே இரண்டு கண்கள்.

அட, அந்தக் கண்கள்! அழுவதற்கும் சண்டை போடுவதற்கும் ஒரே நேரத்தில் தயாராக இருந்தன.

“இன்னும் ரெண்டு அடி இந்தப் பக்கம் வாங்க... ம், போதும். கைய ஆட்டாதீங்க. நேரா நில்லுங்க லா!”

“என்னா விசயம்ங்க?”

“கொஞ்ச நேரத்துக்கு நீங்கதான் என் தியாங்!”

தியாங் என்றால் மலாயில் கம்பம். டிரைவிங் ஸ்கூல் பக்கம் போன அத்தனை பேருக்கும் அந்தக் கம்பங்களோடு பழக்கம் உண்டு. பார்க்கிங் கட்டத்தின் மூலைக்கு மூலை நட்டு வைத்திருப்பார்கள். அங்கே சொல்லிக் கொடுப்பவர் காரில் இருந்த இந்தப் பெண்ணுக்கு, தினேஸ்வரிக்கு, சொன்னது இவ்வளவுதான்... “பின்கண்ணாடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கருக்கு நேரா தியாங் வந்ததும் ஸ்டியரிங்க முழுசா ஒடி. ரெண்டாவது தியாங் தெரிஞ்சதும் நேராக்கு. யோசிக்காத.” தினேஸ்வரி யோசிக்கவே இல்லை. பார்க்கிங்கில் முழு மார்க்! அப்பா விட்டுப்போன மைவியில் ஸ்டிக்கருக்குப் பதிலாகத் தன் ஒட்டுப்பொட்டு ஒன்றைப் பின்கண்ணாடியில் அதே இடம் பார்த்து ஒட்டியும் வைத்தாள். எல்லாம் சரி... ஈப்போ தெருவில் கம்பம் நட்டு வைக்க யாருக்கும் தோன்றவில்லையே!

அதனால்தான் வழியே போன யுகேந்திரன் மாட்டினான்.

அவள் பின்னால் எடுத்தாள். நிறுத்தினாள். மறுபடி முன்னால் போனாள். எஞ்சின் ஒரு தரம் செத்தது. பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடித்தன. அந்த நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது. ஈப்போ மழைக்குத் தூறல் போட்டு அறிவிக்கிற பழக்கமெல்லாம் கிடையாது, எடுத்ததும் கொட்டும். எல்லாரும் கடைக்குள் ஓடினார்கள். யுகேந்திரன் ஓடவில்லை. அசையாதே என்றுதானே சொல்லியிருக்கிறாள்...

“டேய் மச்சான், நீ ஆளா, தியாங்கா?” கடை வாசலில் நின்று ஷரபுதீன் வயிறு குலுங்கச் சிரித்தார். “நனையுற லா, உள்ள வா!”

“இருங்கண்ணே... கிட்டத்தட்ட வந்துட்டாங்க.”

பதினொரு நிமிடம். கடைசியில் கார் கட்டத்துக்குள் வந்து சேர்ந்தது. வந்த வேகத்தில் பின்பக்க பம்பர் அவன் முழங்காலை மெல்ல இடிக்க, தே ஐஸ் பொட்டலம் நழுவி அவன் வெள்ளைச் சட்டையிலேயே வெடித்தது.

கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள் தினேஸ்வரி. “ஐயையோ... அடிபட்டுருச்சா அண்ணே? சாரி, சாரி...”

“தியாங்க இடிச்சா டெஸ்ட்ல ஃபெயில் தெரியும்ல?”

மழையில் நனைந்து, தேநீரில் குளித்து, சிரித்துக்கொண்டே இப்படிச் சொன்னான் அவன். அவளும் சிரித்திருக்க வேண்டும். ஆனால் ‘ஃபெயில்’ என்ற சொல் எங்கேயோ போய்த் தைத்தது. நடுத்தெருவில், கொட்டுகிற மழையில், இருபத்து நான்கு வயதுப் பெண் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள்.

ஷரபுதீன்தான் இருவரையும் உள்ளே இழுத்து உட்கார வைத்தார். சுடச்சுட இரண்டு தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய டீ, வந்தது. பாதிக் குவளை காலியானதும் அவளே சொல்லத் தொடங்கினாள்.

“எனக்குத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில பாலர் வகுப்பு டீச்சர் வேல கெடைச்சிருக்கு. பஸ் கெடையாது. கார்லதான் போவணும். எனக்கு முன்னால வந்த ரெண்டு டீச்சரும் அந்த ரோட்டப் பாத்தே மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாங்களாம். இந்தத் தடவயும் ஆள் வரலன்னா வகுப்பையே மூடிருவாங்க. பதினாலு பிள்ளைங்க...”

“அதான் லைசென்ஸ் இருக்கே?”

“இருக்கு... எங்க அண்ணன் நம்ப மாட்டேங்குது. தஞ்சோங் மாலிம் கார் ஃபேக்டரியில வேல. மூணு வாரம் கழிச்சு, பள்ளி தொறக்குறதுக்கு முந்தின சனிக்கெழம வருது. பக்கத்துல உக்காந்துக்கிட்டு வீட்டுலேருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் என்னைய ஓட்டச் சொல்லிப் பாக்குமாம். சரியா ஓட்டலன்னா காரையும் எடுத்துட்டுப் போயிரும், வேலையும் வேணாம்னு எழுதிக் குடுத்துறணுமாம். எங்கப்பா ரோட்டு விபத்துல போனவரு... அதுக்கு பயம்.”

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். “எந்தத் தோட்டம்?” என்று கேட்டான் யுகேந்திரன்.

“சுங்கை கெலி.”

அவன் குவளையைக் கீழே வைத்தான். ஷரபுதீன் அவனைப் பார்த்தார். அவன் அவளைப் பார்த்தான்.

“நான் அங்கதான் இருக்கேன். செம்பனைக் குலை ஏத்துற டிராக்டர் ஓட்டுறேன். ஒண்ணு சொல்லவா... அந்தப் பாதையில ஒரு வண்டிதான் போவும். ரெண்டு பக்கமும் ஆழமான கான், தண்ணி ஓடுற வாய்க்கா. எதிர்ல குலை ஏத்தின டிராக்டர் வந்தா அது பின்வாங்காது, காலி வண்டிதான் ரிவர்ஸ் போயி வழி விடணும். தோட்டத்து வழக்கம். ரிவர்ஸ் போவாம எந்த நாளும் பள்ளிக்கூடம் போய்ச் சேர முடியாது. தியாங்கும் ஒண்ணுகூட இல்ல.”

அவள் கண்கள் மறுபடி நிறைந்தன. “அழாதீங்க டீச்சர். நான் சொல்லித் தாரேன்.”

டீச்சர்! அவளை அப்படிக் கூப்பிட்ட முதல் ஆள் அவன்தான்.

சுங்கை கெலியில் இப்போது ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. மிச்சம் இருப்பது கூரை போன பழைய ரப்பர் ஸ்டோரும் அதன் முன்னால் அகலமான ஒரு சிமெண்டுத் திடலும்தான். செவ்வாய், வியாழன், சனி... வாரம் மூன்று மாலை. மெயின் ரோட்டு முனையில் அவன் மோட்டார் சைக்கிளோடு காத்திருப்பான். அவன் முன்னால் மெதுவாகப் போக, அவன் வண்டியின் பின்பக்கச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே அவள் பின்னால் வருவாள். அந்த விளக்கு முன்னால் இருக்கிறவரை அவளுக்குப் பயமே வராது. ஏன் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் வாரம் அவன் தியாங்காகவே நின்றான். அவள் போனில் அவன் பெயரும் அப்படியே பதிவானது. இரண்டாவது வாரம் அவள் பின்னால் வர வர, இவன் மெல்ல நகர்ந்து நடக்க ஆரம்பித்தான்.

“ஏய்... தியாங் நடக்குது!”

“ரோட்டுல எல்லாமே நடக்கும் டீச்சர். மாடு நடக்கும், கோழி ஓடும். உங்க டெஸ்ட்ல இதெல்லாம் வந்துச்சா?”

“இல்ல.”

“மழை?”

“இல்ல.”

“பின்னால ஹாரன் அடிச்சானா?”

“அங்க ஆபிசரும் நானும் நாலு கம்பமும்தான். போங்க லா... ஆனா முழு மார்க்கு!”

“முழு மார்க்கு டீச்சர்... அந்தப் பொட்டப் பாக்காதீங்க. வண்டி எங்க முடியுதுன்னு உங்க முதுகுக்குத் தெரியணும். உங்க முதுகே அந்த பம்பர் வரைக்கும் இருக்குன்னு நெனச்சுக்குங்க.”

அப்படி நினைத்துப் பார்த்தாள். கண் என்னவோ பொட்டைத் தேடித்தான் போனது. ஆனாலும் எட்டாவது தடவை, ஒன்பதாவது தடவை... ஏதோ ஒரு தடவை, கண்ணை மூடினால்கூடத் தெரியும் போல, பின்சக்கரம் எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரிந்தது. “வந்துருச்சு!” என்று கத்தினாள். அவன் கைதட்டினான்.

“நீங்க ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க,” என்றாள் ஒருநாள்.

அவன் உட்கார்ந்தான். இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்களுக்கு நடுவே, ஒரு உள்ளங்கையை மட்டும் ஸ்டியரிங்கில் வைத்து, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி, ஒரே மூச்சில் காரை நுழைத்து நிறுத்தினான். இரண்டு பக்கமும் ஒரு சாண்கூட மிச்சமில்லை. தினேஸ்வரி காரைப் பார்க்கவில்லை... திரும்பியிருந்த அந்தக் கழுத்தை, வெயிலில் கருத்த அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சீ, என்ன இது என்று தன்னையே திட்டிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

“எப்ப லைசென்ஸ் எடுத்தீங்க?”

“அதெல்லாம் எப்பவோ எடுத்தாச்சு லா...” அவன் அவசரமாக இறங்கினான்.

இன்னொன்றும் நடந்தது. அவள் பேச்சிலிருந்து ‘அண்ணே’ காணாமல் போயிருந்தது. எந்த நாளில் என்று அவளுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும்... இரண்டாவது வாரம், வியாழக்கிழமை. அன்றைக்கு ராத்திரி அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாவது வாரம் செவ்வாய். “இன்னிக்கு மெயின் ரோட்டுக்குப் போலாம்,” என்று அவன் மோட்டார் சைக்கிளைத் திடலிலேயே விட்டுவிட்டு அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டான். போகும்போது நன்றாகத்தான் போனாள். திரும்பும்போதுதான் மழை. வைப்பர் அடிக்க அடிக்கக் கண்ணாடி மறைந்தது. பின்னால் ஒரு பெரிய லாரி, ஒட்டிக்கொண்டு வந்து ஹாரன் அடித்தது. விலகிப் போகும்போது அது வீசிய தண்ணீர் மொத்தமாகக் கண்ணாடியை மூடியது. தினேஸ்வரி எப்படியோ ஓரமாக நிறுத்திவிட்டாள். ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கையையும் எடுத்துவிட்டாள்.

“என்னால முடியாது... நீங்க ஓட்டுங்க.”

“முடியும் டீச்சர். ரெண்டு நிமிசம் மூச்ச விடுங்க.”

“முடியாதுன்னு சொல்றேன்ல! நகருங்க, நீங்க எடுங்க!”

“நான்... எடுக்க முடியாது.”

“ஏன்? நான் பயந்து சாகுறது வேடிக்கையா இருக்கா?”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மழைச் சத்தத்தில் அவன் குரல் பாதிதான் கேட்டது. “எனக்குக் கார் லைசென்ஸ் இல்ல. மோட்டார் சைக்கிளுக்குத்தான் இருக்கு. கார் டெஸ்ட்டு அஞ்சு தடவ போயி தோத்தாச்சு. மேட்டுல நிறுத்தினா ஹேண்ட் பிரேக் இழுக்கணும்... நான் கிளட்ச்சுலேயே புடிச்சுக்குவேன். டிராக்டர் பழக்கம். வண்டி ஒரு இஞ்ச்கூட உருளாது. ஆனா ஃபெயில்.”

அந்த நேரத்தில் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். பயமும் கோபமும் சேர்ந்தால் நாக்குக்கு ஏது பிரேக்? “அஞ்சு தடவ ஃபெயிலான ஆள்கிட்டயா நான் இத்தன நாளு கத்துக்கிட்டேன்? எப்பவோ எடுத்தாச்சுன்னு பொய் வேற!”

சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் முகம் அணைந்துபோனது.

“உங்க முன்னால எப்படி டீச்சர் சொல்றது...” என்றான். அவ்வளவுதான். கதவைத் திறந்து இறங்கி, திடலை நோக்கி மழைக்குள் நடந்தான். மூன்று கிலோமீட்டர். அவன் முதுகு மழைக்குள் கரைகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள்... அப்புறம் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். அழுது முடித்துவிட்டு, வேறு வழியில்லாமல், தானே ஓட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தாள்.

அன்றும் மறுநாளும் போனில் ‘சாரி’ என்று எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். இரண்டு எழுத்து. எவ்வளவு கனம்!

வியாழக்கிழமை காலை அவனிடமிருந்தே ஒரு செய்தி வந்தது. ‘திடல்ல தியாங் நட்டு வெச்சிருக்கேன். நான் வரல. நல்லா ஓட்டுங்க டீச்சர்.’

மெயின் ரோட்டு முனையில் மோட்டார் சைக்கிள் இல்லை. சிவப்பு விளக்கு இல்லை. தனியாகவே திடலுக்குப் போனாள். நான்கு மூங்கில் கம்பங்கள், அளந்து நட்டது போல், சிமெண்டு நிரப்பிய பழைய டப்பாக்களில் நின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் கண்ணுக்குத் தெரிவதற்காக ஒரு வெள்ளைத் துணி. பக்கத்தில் போய்ப் பார்த்தாள். துணியில் மங்கலாகத் தேநீர்க் கறை.

அந்தச் சட்டை! முதல் நாள் அவள் பாழாக்கிய அதே சட்டையைக் கிழித்துக் கட்டியிருக்கிறான்.

தினேஸ்வரி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு நன்றாகப் புரிந்தது... தனக்கு வேண்டியது ஒரு கம்பம் இல்லை. இந்த ஆள்தான் வேண்டும். இந்த ஒரே ஆள்!

எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்கண்ணாடியிலிருந்த பொட்டை நகத்தால் கிள்ளி எடுத்தாள். நான்கு கம்பங்களையும் ஓரமாக இழுத்துப் போட்டாள். வெறும் திடலில், பீப்பாய்களுக்கு நடுவே, இருட்டும் வரை பின்னால் எடுத்துக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை பீப்பாய் உருண்டது. இரண்டாவது தடவையும் உருண்டது. அப்புறம் உருளவில்லை.

சனிக்கிழமை காலை. பக்கத்து சீட்டில் அண்ணன் ஜெயபாலன், சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“சிக்னல் போடு தினா... மெதுவா... இடப்பக்கம் பாரு...”

“பாக்குறேண்ணே.”

மெயின் ரோடு போனது. மண் பாதை வந்தது. இரண்டு பக்கமும் கான், அதில் மழைத் தண்ணீர் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி தூறல். வளைவு திரும்பியதும் எதிரே வழியை அடைத்துக்கொண்டு ஒரு டிராக்டர். பின்னால் இழுவை வண்டி நிறையச் செம்பனைக் குலைகள்.

டிராக்டரில் யுகேந்திரன்.

நான்கு நாளில் இளைத்தது போல் இருந்தான். அவனும் பார்த்துவிட்டான். அவளைப் பார்த்தான், பக்கத்தில் அண்ணனைப் பார்த்தான், பின்னால் அவள் வந்த குறுகிய பாதையைப் பார்த்தான்.

“போச்சு!” என்றார் ஜெயபாலன். “எண்பது மீட்டர் பின்னால போவணும். உன்னால ஆகாது. எறங்கு, நான் எடுக்குறேன்.”

அதற்குள் டிராக்டர் உறுமியது. யுகேந்திரன் கழுத்தைத் திருப்பி ரிவர்ஸ் கியரைப் போட்டான். குலை ஏற்றின வண்டியை, அத்தனை பாரத்தோடு, ஈர மண்ணில் பின்னால் எடுக்கப் போகிறான்! தோட்டத்தில் யாரும் செய்யாத வேலை. இழுவை வண்டி ஒரு பக்கம் ஒடிந்தால் மொத்தமும் கானில்... அவளுக்காக!

தினேஸ்வரி ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

“அசையாதீங்க! அப்படியே நில்லுங்க!”

இந்தத் தடவை முன்னால் ‘அண்ணே’ இல்லை.

டிராக்டர் நின்றது. ஜெயபாலன் திரும்பித் தங்கையைப் பார்த்தார். “யாரு அது?”

“பேசாதீங்கண்ணே. ரிவர்ஸ் போறேன்.”

கழுத்தைத் திருப்பினாள். கண்ணாடியில் பொட்டு இல்லை. ‘உங்க முதுகே அந்த பம்பர் வரைக்கும் இருக்குன்னு நெனச்சுக்குங்க...’ நினைத்துக்கொண்டாள். கார் மெல்ல நகர்ந்தது. இடது சக்கரம் கானின் விளிம்பை ஒட்டி வந்தது, அவளுக்குத் தெரிந்தது, ஒரு விரல் அளவு திருப்பினாள். வளைவு. ஜெயபாலன் கண்ணை மூடிக்கொண்டு அப்பா பெயரை முணுமுணுத்தார். வளைவு முடிந்து, ஒதுங்குகிற இடம் வந்து, கார் புல்லில் ஏறி நின்றபோதுதான் அவர் கண்ணைத் திறந்தார்.

டிராக்டர் அவர்களைத் தாண்டிப் போனது. போகும்போது யுகேந்திரன் அவளைப் பார்த்தான். அந்த ஒரு பார்வையை வைத்துக்கொண்டு இன்னும் எண்பது மீட்டர்கூட அவள் பின்னால் போயிருப்பாள்.

பள்ளி வாசலில், மாமரத்துக்கும் கானுக்கும் நடுவே காரை நிறுத்தினாள். ஜெயபாலன் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கீறல் இல்லை. கார்ச் சாவியை அவளிடமிருந்து வாங்கி உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அதை அவள் கையிலேயே திருப்பி வைத்தார்.

“அப்பா பாத்திருக்கணும்,” என்றார். முகம் கழுவுகிற சாக்கில் பள்ளிக் குழாயடிக்குப் போய்விட்டார்.

குலைகளை இறக்கிவிட்டு, மண்ணும் வேர்வையுமாக யுகேந்திரன் வந்து நின்றான். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு கம்பம் நடுகிற தூரம்.

“நல்லா எடுத்தீங்க டீச்சர். எங்கயுமே நிக்கல.”

“சாரி,” என்றாள். எழுதி எழுதி அழித்த அந்த வார்த்தை கடைசியில் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! “அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. டெஸ்ட்டுல நான் முழு மார்க்கு. ஆனா ஓட்டக் கத்துக் குடுத்தது நீங்க.”

“நானும் பொய் சொல்லியிருக்கக் கூடாது.” காலால் மண்ணைக் கீறினான். “வர்ற வியாழக்கெழம ஆறாவது டெஸ்ட்டு. பாஸானா மில்லு வேன் ஓட்டுற வேல கெடைக்கும்.”

“மேட்டுல ஹேண்ட் பிரேக் இழுப்பீங்களா?”

“நெனச்சுக்கிட்டேதான் ஏறுவேன். கால் கிளட்ச்ச புடிச்சதும் கை மறந்துருது. என் டிராக்டர்ல ஹேண்ட் பிரேக் செத்து எட்டு வருசம் லா...”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நெற்றியிலிருந்த பொட்டை எடுத்தாள். “இடது கையக் குடுங்க.” கட்டைவிரல் முட்டியில் அதை ஒட்டி, ஒட்டிக்கொள்ளட்டும் என்று தன் விரலால் அழுத்திப் பிடித்தாள். “மேட்டுல நின்னதும் இதப் பாருங்க. பிரேக் ஞாபகம் வரும்.”

“பிரேக்கா ஞாபகம் வரும்?” என்றான் அவன்.

விரலை அவள் இன்னும் எடுக்கவில்லை.

“பாஸானதும் ஒண்ணு சொல்லணும்னு வெச்சிருந்தேன் டீச்சர்.”

“ஃபெயிலானா?”

“சொல்ல மாட்டேன்.”

“அப்ப இப்பவே சொல்லுங்க. அதுக்கெல்லாம் லைசென்ஸ் வேணாம்.”

தூறல் நின்றிருந்தது. மாமரத்து இலைகளிலிருந்து சொட்டுச் சொட்டாக இருவர் மேலும் விழுந்தது. அவன் அவள் கண்களை நேராகப் பார்த்தான்.

“எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு. அன்னிக்கு மழையில அசையாதீங்கன்னு சொன்னீங்களே... நான் இன்னும் அங்கதான் நிக்கிறேன்.”

“எனக்கும்...” என்றாள். அது போதாதென்று தோன்றியது. “எனக்கும் உங்களப் புடிச்சிருக்கு. நீங்கதான் வேணும்.”

“தினா...”

ஈரக் கையை உதறிக்கொண்டே வந்த ஜெயபாலன் நின்றுவிட்டார். தங்கையின் நெற்றியைப் பார்த்தார். “பொட்டு எங்க?”

பிறகு அவர் பார்வை மெல்லக் கீழே இறங்கியது... பக்கத்தில் நின்றவனின் கட்டைவிரலுக்கு. யுகேந்திரன் கையைப் பின்னால் இழுக்கப் பார்த்தான். தினேஸ்வரி விடவில்லை. இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, இவரு யுகேந்திரன். எனக்கு ரிவர்ஸ் சொல்லிக் குடுத்தவரு. எனக்குப் புடிச்சவரு.”

ஜெயபாலன் அவனை மேலும் கீழும் பார்த்தார். அண்ணன்மார் கேட்கிற கேள்விகள் எத்தனையோ இருக்க, அவர் கேட்டது ஒன்றுதான். “லைசென்ஸ் இருக்கா?”

யுகேந்திரன் நிமிர்ந்தான்.

“கார் லைசென்ஸ் இல்லண்ணே. அஞ்சு தடவ ஃபெயில். வியாழக்கெழம மறுபடி போறேன்.”

பொய் இல்லை, மழுப்பல் இல்லை. மூன்று வாரமாகத் தொண்டையில் கிடந்ததை அவள் அண்ணன் முன்னாலேயே சத்தமாகச் சொல்லிவிட்டான்.

ஜெயபாலன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நான் நாலு தடவ ஃபெயில். அந்தப் பாழாப்போன பார்க்கிங்குதான். அம்மாவுக்குக்கூடத் தெரியாது... வெளிய சொன்னீங்க, தொலைச்சிருவேன்.”

தினேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

“வியாழக்கெழம பள்ளி விட்டதும் நீயே கூட்டிட்டுப் போ,” என்றார் ஜெயபாலன், கார் கதவைத் திறந்துகொண்டே. “நீதான் ஓட்டணும். பாஸாகுற வரைக்கும் அவருகிட்ட ஸ்டியரிங்கக் குடுத்துறாத.”

அவள் காரை எடுத்தாள். வளைவு திரும்பும் முன் கண்ணாடியில் ஒரு தரம் பின்னால் பார்த்தாள். மாமரத்தடியில், அவள் விட்ட இடத்திலேயே, இடது கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு யுகேந்திரன் அசையாமல் நின்றுகொண்டிருந்தான்.